தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

குலதெய்வக் கோயில் வாசலில் காதுகுத்து. முடி இறக்கிய மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருக்கிறது. தாய்மாமன் ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறார். ஆசாரி பிள்ளையின் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து, எதையோ காட்டிப் பேச்சுக் கொடுக்கிறார். அடுத்த நொடி வீறிட்டு ஓர் அழுகை. “ஆச்சு, ஆச்சு, அவ்வளவுதான்!” என்று சுற்றியிருக்கும் பெண்கள் ஒரே குரலில் சமாதானம் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் கிடா விருந்துக்கு இலை போட்டாகிவிட்டது. நிழலான ஒரு மூலையில் மொய் நோட்டு திறந்திருக்கிறது. இத்தனை அமர்க்களத்துக்கும் காரணமான ஆள் பாலைக் குடித்துவிட்டு அம்மாவின் தோளில் தூங்கிவிட்டது.

பெரும்பாலோருக்கு மூன்று வயதுக்கு முந்தைய நினைவு எதுவும் மிஞ்சுவதில்லை. அப்படியானால் பதினாறாம் நாள் பெயர்சூட்டு, முதல் சோறு, முதல் மொட்டை, காதுகுத்து, ஞானஸ்நானம், அகீகா என்று ஒரு குழந்தையின் ஆரம்ப நாள்களை நிறைக்கும் சடங்குகள் எல்லாம் யாருக்காக? சம்மதம் சொல்லவோ மறுக்கவோ, பின்னால் நினைத்துப் பார்க்கவோகூட முடியாத ஒரு உயிரை ஒரு மதத்துக்குள்ளோ குலத்துக்குள்ளோ சேர்க்க முடியுமா? இன்றைய இளம் பெற்றோர் இதைப் புதுக் கேள்வி என்று நினைக்கலாம். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதற்காக மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சண்டையின் நடுநாயகர் அகுஸ்தினார். கி.பி. 354இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தவர். தாய் மோனிக்கா பக்தியுள்ள கிறிஸ்தவர். ஆனால் பிள்ளைக்குக் கைக்குழந்தையில் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. நெற்றியில் சிலுவை அடையாளம், நாவில் உப்பு, அவ்வளவுதான். சிறுவனாக இருக்கும்போது வயிற்று வலி வந்து பிழைப்பானா என்ற நிலை ஏற்பட, அவசரமாக ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு நடந்தது. அதற்குள் உடம்பு தேறிவிட்டதால் அதுவும் தள்ளிப்போடப்பட்டது. வாலிபத்தில் செய்யப்போகும் பாவங்களையும் சேர்த்துப் பின்னால் கழுவிக்கொள்ளலாம் என்பது அந்தக் காலத்துக் குடும்பங்களின் கணக்கு. கடைசியில் 387ஆம் ஆண்டு ஈஸ்டர் இரவில், மிலான் நகரில், ஆயர் அம்புரோசின் கையால் அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்தபோது வயது 32. அன்று அவரோடு சேர்ந்து தண்ணீரில் இறங்கியவர்களில் ஒருவன் அவருடைய மகன் அதெயொதாத்துஸ், பதினைந்து வயதுப் பையன்.

இப்படி, பெற்ற பிள்ளையோடு சேர்ந்து ஞானஸ்நானம் வாங்கிய மனிதர்தான் குழந்தை ஞானஸ்நானத்துக்கு வரலாற்றிலேயே மிகக் கடுமையான வாதத்தை எழுதினார். குழந்தை களங்கமின்றிப் பிறக்கிறது என்றார்கள் பெலாஜியுசும் அவர் வழி வந்தவர்களும். அகுஸ்தினார் விடவில்லை. திருச்சபை பாவ மன்னிப்புக்காகக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறது அல்லவா? குழந்தையின் முகத்தில் ஊதிச் சாத்தானை விரட்டுகிறதல்லவா? பாவமே இல்லையென்றால் இதெல்லாம் எதற்கு? ஆக, குழந்தையிடமும் பாவம் இருந்தாக வேண்டும்.

இந்த வாதத்தில் எது முன்னே போகிறது, எது பின்னே வருகிறது என்று கவனிக்க வேண்டும். கோட்பாடு வகுத்து அதிலிருந்து சடங்கு பிறக்கவில்லை. வீடுகளும் கோயில்களும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த ஒன்றுக்கு இறையியல் பின்னாலிருந்து ஓடிவந்து காரணம் சொல்கிறது. காரணம் சொல்லத் தொடங்கினால் அது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கும் அகுஸ்தினாரே சாட்சி. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் பச்சிளம் குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது இருப்பதிலேயே லேசான தண்டனை என்று எழுதும் நிலைக்கு அவர் வந்து சேர்ந்தார். பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ தாய்மார்கள் இந்த வரியின் கீழ் வாழ்ந்து மறைந்திருக்கிறார்கள். இடைக்கால இறையியல் அதைக் கொஞ்சம் தணித்து, வேதனை இல்லாத ஓர் இடைநிலையை அந்தக் குழந்தைகளுக்கு ஒதுக்கியது. 2007இல்தான் வத்திக்கானின் அனைத்துலக இறையியல் ஆணையம், அவர்கள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்ப வலுவான அடிப்படை இருக்கிறது என்று அறிக்கை வெளியிட்டது.

குழந்தை ஞானஸ்நானம் வேண்டாம் என்று மறுபக்கம் நின்றவர்களும் லேசாகத் தப்பவில்லை. 1525 ஜனவரியில் சூரிக் நகரசபை, பிறந்த எட்டு நாள்களுக்குள் ஞானஸ்நானம் கொடுக்காத பெற்றோர் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டது. கொன்ராட் கிரேபெல் என்ற இளைஞருக்குச் சில நாள்களுக்கு முன்புதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவர் மசியவில்லை. அந்த மாதமே நண்பர்கள் ஒரு வீட்டில் கூடி, புத்தி தெரிந்த பெரியவர்களாகத் தங்களுக்கே மறுபடியும் ஞானஸ்நானம் செய்துகொண்டார்கள். இரண்டு ஆண்டுகளில், அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை நகரசபை லிமட் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது. தண்ணீரை வைத்துத் தகராறு செய்தவனுக்குத் தண்ணீரே தண்டனை என்ற குரூரமான நகைச்சுவை அதில் இருக்கிறது.

நல்லவேளை, இன்று தமிழ்நாட்டில் அந்தத் தகராறு ஆற்றங்கரைக்குப் போவதில்லை. சாப்பாட்டு மேசையோடு முடிந்துவிடுகிறது. கணவர் சி.எஸ்.ஐ., மனைவி பெந்தெகொஸ்தே என்றால் குழந்தைக்கு ஞானஸ்நானமா, பிரதிஷ்டையா என்று இரண்டு பக்கத்துப் பாட்டிகளும் முறுக்கிக்கொள்வார்கள். பிரதிஷ்டையில் குழந்தையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்து ஜெபிப்பதோடு சரி. முழுக்கு ஞானஸ்நானம் பிள்ளை வளர்ந்து தானே கேட்கும்போதுதான்.

இஸ்லாத்தில் கதை வேறு மாதிரி தொடங்குகிறது. பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்கிறார்கள். ஏழாம் நாள் முடி இறக்கி, அந்த முடியின் எடைக்கு வெள்ளியைத் தர்மம் செய்கிறார்கள். அகீகா என்று ஆடு அறுத்து உறவுக்கும் ஏழைகளுக்கும் இறைச்சி பங்கிடுகிறார்கள். கழுவ வேண்டிய பாவம் என்று அங்கே ஒன்றும் இல்லை. ஒவ்வொரு குழந்தையும் இயற்கையான நேர்நிலையில்தான் பிறக்கிறது, பெற்றோர்தான் அதை யூதராகவோ கிறிஸ்தவராகவோ ஆக்குகிறார்கள் என்பது நபிமொழி. இதைப் படித்த பதினோராம் நூற்றாண்டுப் பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி அதைப் பிற சமயத்தார் பக்கம் மட்டும் திருப்பவில்லை. கிறிஸ்தவர் பிள்ளைகள் கிறிஸ்தவராகவும் யூதர் பிள்ளைகள் யூதராகவும் முஸ்லிம் பிள்ளைகள் முஸ்லிமாகவும் வளர்வதைக் கண்டு, தாம் நம்புவதில் எவ்வளவு வெறும் வளர்ப்பால் வந்தது என்று தம்மையே குடைந்துகொண்டார். ‘வழிகேட்டிலிருந்து மீட்சி’ என்ற தம் ஆன்மிகத் தன்வரலாற்றின் தொடக்கத்தில் அவரே இதைச் சொல்கிறார்.

இந்து மரபுக்கு வந்தால் காரணங்கள் கூட்டமாக வந்து நிற்கும். வித்தாலும் கருவாலும் வந்த மாசைச் சடங்குகள் நீக்கும் என்கிறது மனுஸ்மிருதி. நாலாம் மாதம் குழந்தையை வெளியே கொண்டுவர வேண்டும், ஆறாம் மாதம் சோறூட்ட வேண்டும் என்று கணக்கும் போடுகிறது. போட்ட கையோடு, அல்லது அந்தக் குடும்பத்தில் எது மங்கலமோ அப்படி என்று இறங்கியும் வந்துவிடுகிறது! சட்டம் வகுத்தவருக்கே வீட்டுப் பாட்டியிடம் பயம் போல. ஆபஸ்தம்பர் இன்னும் வெளிப்படை. தம் தர்மசூத்திரத்தை முடிக்கும் இடத்தில், மிச்சமிருக்கும் தர்மங்களைப் பெண்களிடமும் எல்லா வருணத்தாரிடமும் கற்றுக்கொள்ளச் சிலர் சொல்கிறார்கள் என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறார். காதுகுத்துக்குச் சுசுருத சம்ஹிதை சொல்லும் காரணத்தில் பாவமும் இல்லை, மாசும் இல்லை: காப்புக்காகவும் அழகுக்காகவும். ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில், செவிலியின் மடியில் உட்காரவைத்து, விளையாட்டுப் பொருள் காட்டி, வெயில் ஊடுருவித் தெரியும் இடமாகப் பார்த்துக் குத்தச் சொல்கிறது. வாழைப்பழம் கொடுத்துப் பேச்சுக் கொடுக்கும் ஆசாரி நல்ல பழைய பள்ளியில் படித்தவர்தான்.

பாவம், நேர்மை, மாசு, அழகு என்று காரணங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. செய்வதைப் பார்த்தால் வியப்பான ஒற்றுமை தெரிகிறது. எங்கு பார்த்தாலும் ஒரு மடி. அந்த மடி பெரும்பாலும் பெற்றவர்களுடையது அல்ல. யூதர்களின் எட்டாம் நாள் விருத்தசேதனத்தில் குழந்தையை மடியில் தாங்குபவருக்கு சாந்தேக் என்று பெயர். பல வீடுகளில் தாத்தா. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத் தொகுப்பு, குழந்தையின் சொந்தத் தாயும் தகப்பனும் ஞானப் பெற்றோராக நிற்கக் கூடாது என்று விதியே எழுதிவைத்திருக்கிறது. வங்காளத்தில் அன்னப்பிராசனத்தின் முதல் கவளத்தைப் பெரும்பாலும் ஊட்டுபவர் மாமா. நம் ஊரில் தாய்மாமன் மடி. இப்போதுதான் பிறந்த ஒரு பிள்ளைக்கு, அது பசித்து அழும்போது எழுந்து வர வேண்டிய ஆள்களின் எண்ணிக்கை இரண்டைத் தாண்டுகிறது. ஊர் முன்னால், எழுத்தில் பதிவாகாத ஒரு பொறுப்பை ஒருவர் மடியில் வாங்கிக்கொள்கிறார். சாட்சி வேண்டுமென்றால் மொய் நோட்டில் ஊரே இருக்கிறது.

இப்படிப் பார்த்தால் சம்மதக் கேள்வி பாதி கரைகிறது. குழந்தைக்கு நடப்பதாகச் சொல்லப்படும் சடங்கில் உண்மையில் கட்டுப்படுபவர்கள் பெரியவர்கள். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவர்களும் அவர்களே. அகுஸ்தினாரேகூடத் தம் குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதும்போது, அது எதுவும் தமக்கு நினைவில்லை, மற்றவர்கள் சொல்லிக் கேட்டதும் மற்றக் குழந்தைகளைப் பார்த்து ஊகித்ததும்தான் என்று ஒப்புக்கொள்கிறார்.

மீதிப் பாதிக்கு வருமுன், இந்தக் கொண்டாட்டங்களுக்கு அடியில் கிடக்கும் பயத்தையும் பார்த்துவிட வேண்டும். 1971இல் இந்தியாவில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளில் 129 முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020இல் அது 28. இன்றைய மூத்த தாத்தா பாட்டிகள் பிள்ளை பெற்ற காலத்தில் எட்டில் ஒரு குழந்தைக்கு மேல் ஓராண்டுக்குள் போய்க்கொண்டிருந்தது என்பதை மறந்துவிட்டு, கன்னத்து மைப்பொட்டையும் வசம்பு வளையலையும் அரைஞாணையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது சுலபம்.

இழப்பு மேல் இழப்பு கண்ட வீடுகள் ஒரு விநோதமான தந்திரம் வைத்திருந்தன. அடுத்து பிறந்த பிள்ளையைக் கோயிலிலோ பக்கத்து வீட்டிலோ கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பிச்சை, குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைப்பார்கள். எமன் வந்து கேட்டால், இது எங்கள் பிள்ளை இல்லை, இதற்கு விலையும் இல்லை. “உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்” என்று அண்ணன்மார் தம்பிகளைச் சீண்டி அழவைக்கும் அந்தப் பழைய கேலிக்குப் பின்னால் இப்படி ஒரு சடங்கு இருந்தது. பிள்ளைமீது உரிமை கொண்டாடுவதைப் பற்றி எந்தத் தத்துவ நூலும் இவ்வளவு தைரியமாகப் பேசியதாகத் தெரியவில்லை. பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழி, அது நம்முடையது இல்லை என்று ஊரறியச் சொல்லிவிடுவது!

பிள்ளையைக் காக்கும் இந்தப் பதைப்பையே கவிதையாக்கித் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தது தமிழ். பெரியாழ்வார் கண்ணனைக் கைக்குழந்தையாக வைத்துக் கொஞ்சினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன்மேல் பாடியதிலிருந்து பிள்ளைத்தமிழ் தனி இலக்கிய வகையாகவே நிலைத்தது. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியையே தொட்டிலில் போட்டார். பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை என்று வரிசையைச் சொன்னாலே ஒரு குழந்தை தலை நிமிர்த்தி அசைவது, தாலாட்டில் தூங்குவது, கைகொட்டுவது, முத்தம் கேட்டால் கொடுப்பது, தளர்நடை போட்டு வருவது எல்லாம் கண்முன் நிற்கும். குழந்தை மருத்துவர் சுவரில் மாட்டும் வளர்ச்சி அட்டவணைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

முதல் பருவமான காப்பில்தான் தத்துவம் இருக்கிறது. உலகைக் காக்கும் தெய்வம் இங்கே குழந்தை. அந்தக் குழந்தையைக் காக்கும்படி மற்றத் தெய்வங்களிடம் புலவர் கெஞ்சுகிறார். சர்வ வல்லமை உள்ள ஒன்று, பசிக்கு அழுதுகொண்டு மற்றவர் தயவில் இருக்கிறது. நபிகள் நாயகத்தின்மீதும் இயேசுவின்மீதும் பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் உண்டு. சிவனுக்குப் பாடும் வழக்கம் இல்லை. அவர் பிறவா யாக்கைப் பெரியோன். பிறக்காதவரைத் தொட்டிலில் எப்படிப் போடுவது? விடிகாலை மூன்று மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக் கூடத்தில் உலாத்தும் தகப்பனுக்கு இந்த இலக்கணமெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்வதைத்தான் அந்தப் புலவர்கள் வழிபாடு என்று எண்ணினார்கள். பூசையறைக்குப் போக நேரமில்லை என்று கவலைப்படும் இளம் தாய்மாருக்கு யாராவது இதைச் சொல்லலாம்.

கரையாமல் நின்ற மீதிப் பாதிக்கு வருவோம். எல்லாச் சடங்கும் பெரியவர்களை மட்டும் கட்டுவதில்லை. சில, குழந்தையின் உடம்பிலும் பெயரிலும் தங்கிவிடுகின்றன. 2012 மே மாதம் ஜெர்மனியின் கொலோன் நகர நீதிமன்றம், நாலு வயது முஸ்லிம் சிறுவனுக்கு மதக் காரணத்தால் செய்த சுன்னத்தை உடற்காயம் என்று தீர்ப்பளித்தது. பெற்றோரின் சமய உரிமையைவிடப் பிள்ளையின் உடல் பெரிது என்பது அதன் நிலை. யூதர்களும் முஸ்லிம்களும் கொதித்தெழுந்தார்கள். டிசம்பரில் ஜெர்மன் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, நிபந்தனைகளோடு அதை அனுமதித்தது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் நீதிமன்றம் கேட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்தக் கேள்விக்கு யூத மரபுக்குள்ளேயே பழைய பதில் ஒன்று இருப்பதுதான் வேடிக்கை. சிறு வயதில் யூத மதத்துக்குள் கொண்டுவரப்பட்ட வேற்றினக் குழந்தையைப் பற்றித் தல்மூத் பேசுகிறது. ஒருவருக்கு நன்மை என்றால் அவர் இல்லாதபோதும் அவருக்காகச் செய்யலாம் என்கிறது ஒரு குரல். உடனே ராவ் யோசேப்பின் குரல் வருகிறது: வளர்ந்தபின் எனக்கு இது வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. கத்தோலிக்கர்களின் உறுதிபூசுதலும் சி.எஸ்.ஐ. சபையின் திடப்படுத்தலும் இதே கதவின் வேறு வடிவங்கள். மற்றவர்கள் உனக்காகச் சொன்ன சொல்லை இப்போது நீயே சொல்கிறாயா என்று கேட்கிறார்கள்.

கதவு இருக்கிறதா என்பதுதான் நல்ல அளவுகோல். காதில் போட்ட துளை, தோடு போடாமல் விட்டால் பலருக்குக் காலப்போக்கில் சுருங்கிவிடும். மொட்டைத் தலையில் முடி முளைத்துவிடும். சான்றிதழில் ஏறிய சாதி அவ்வளவு லேசில் இறங்காது. அதற்கு யாரும் பந்தி வைப்பதில்லை, மாமன் மடியும் கிடையாது. சாதியும் மதமும் குறிப்பிட விரும்பாதவர்கள் பள்ளி ஆவணத்தில் அந்த இடத்தை வெற்றாக விடலாம் என்று தமிழக அரசு 1973இலேயே ஆணையிட்டிருந்தும், அதைப் பயன்படுத்தும் பெற்றோர் சொற்பம். பெண் குழந்தைக்கு என்றால் அளவுகோல் இன்னொன்றும் வேண்டும். இதே சடங்குகளை அவளுக்கு மந்திரமின்றிச் செய் என்கிறது மனுஸ்மிருதி. அகீகாவில் ஆணுக்கு இரண்டு ஆடு, பெண்ணுக்கு ஒன்று என்பது பரவலான வழக்கம். அதற்கும் கீழே, 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்த கதை இருக்கிறது. பெண் என்பதாலேயே கொல்லப்படவிருந்த பிள்ளைகளை அரசுத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசே கேட்டது.

மதச் சடங்கே வேண்டாம் என்று வந்த சுயமரியாதை இயக்கமும் பெயர்சூட்டு விழாவை விடவில்லை. ஐயரும் மந்திரமும் போய், மேடையும் ஒலிபெருக்கியும் வந்தன. பெரியார் பெயர் வைக்கக் கட்டணம் வாங்குவார். குழந்தைக்கு ரஷ்யா என்றுகூடப் பெயர் வைத்திருக்கிறார். 1953 மார்ச் 1இல் பிறந்த மகனுக்குக் கருணாநிதி ஸ்டாலின் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயருக்குரிய சோவியத் தலைவர் மார்ச் 5இல் இறந்தார். கடவுள் பெயரோ தலைவர் பெயரோ, பிள்ளையைக் கேட்டு யாரும் வைக்கவில்லை.

பிள்ளையைக் கேட்டு நடக்கும் சடங்கும் ஒன்று உண்டு. வங்காளத்து அன்னப்பிராசனத்தில் சோறூட்டிய பிறகு ஒரு தட்டை முன்னால் நகர்த்துவார்கள். அதில் மண், புத்தகம், பேனா, நாணயம். எதைத் தொடுகிறதோ அதுதான் எதிர்காலம். கொரியர்கள் முதல் பிறந்தநாளில் இதையே பெரிய விழாவாகச் செய்கிறார்கள். அங்கே நூலை எடுத்தால் நீண்ட ஆயுள், பணத்தை எடுத்தால் செல்வம். இப்போதைய தட்டுகளில் ஸ்டெதஸ்கோப், மைக், நீதிபதியின் சுத்தியல் எல்லாம் வந்துவிட்டன. பிள்ளை தவழ்ந்து வருகிறது. முதல் முறையாக அதன் விருப்பத்துக்காக ஒரு கூட்டமே காத்திருக்கிறது. அது தட்டையே பிடித்துக் கவிழ்க்கப் பார்க்கும்போது, ஓரமாக நின்ற யாரோ ஒருவர் ஸ்டெதஸ்கோப்பை மெல்லக் கைக்கெட்டும் தூரத்துக்குத் தள்ளிவைக்கிறார்.